பென்சில் கேட்ட நம்பர்

வருஷா வருஷம் கோடை லீவு விட்டா போதும், எங்க ஆபீஸ் வாசல்ல காலேஜ் பசங்க நாலஞ்சு பேரு வந்து நிப்பாங்க. புதுப் பை, புதுச் செருப்பு, கழுத்துல அட்டை. ஆறு வாரம் ஊருக்கு உபயோகமா ஒரு இடத்துல வேலை பாருங்க, என்னவாகப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு வாங்கன்னு காலேஜ்ல அனுப்பி விடுறாங்க. ஆறு வாரத்துல முடிவு பண்ணிடுவாங்களாம். எனக்கு அம்பத்திரெண்டு வயசாகுது, நான் இன்னும் முடிவு பண்ணல.

நான் டிரைவர். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே போய் வைத்தியம் பாக்குற நிலையம் எங்களோடது. ரெண்டு ரூம், ஒரு வேன், ஒரு டாக்டர், மூணு சிஸ்டருங்க. இனிமே குணமாகாதுன்னு ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்ட ஆளுங்கதான் எங்ககிட்ட வருவாங்க. அவங்க இருக்கிற வரைக்கும் வலியில்லாம இருக்கணும், அதுதான் எங்க வேலை. டிரைவருக்கு என்ன ‘எங்க வேலை’ன்னு கேக்காதீங்க. ஆக்சிஜன் சிலிண்டரத் தோள்ல போட்டுக்கிட்டு மாடி மாடியா ஏறுறவன் சொல்லிக்காம வேற யாரு சொல்லிக்குவா?

இந்தப் பசங்கள எனக்கு ஆகாது. நோயாளி வீட்ல நின்னுக்கிட்டு போட்டோ எடுப்பான் ஒருத்தன். அவன நடு ரோட்ல பஸ் ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டேன், காலேஜ்ல இருந்து கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு. புண்ணப் பாத்து மயங்கி விழுந்து, நோயாளிக்கு வெச்சிருந்த கட்டில்ல அவளே ஒரு மணி நேரம் படுத்திருந்தா இன்னொருத்தி. பேரெல்லாம் எனக்கு மனசுல நிக்காது. நானா ஒரு பேரு வெச்சிடுவேன், ஆறு வாரத்துக்கு அதுதான்.

வந்தவங்கள்ல ஒருத்திதான் திரும்பி வந்தா. இன்னைக்கு வேன்ல எனக்குப் பக்கத்து சீட்ல சிஸ்டரா உக்காந்து வர்றா. எப்படி இந்த வேலைக்கு வந்தீங்கன்னு புதுப் பசங்க கேட்டா, பிடிச்சிருந்துச்சு வந்தேன்னு ஒரு வரியில முடிச்சிடுவா. அது பூசி மெழுகுற பதில். நடந்தத நான்தான் சொல்லணும், ஏன்னா அதுல என் தப்பும் கலந்திருக்கு.

வந்த புதுசுல ஆளு அவ்வளவு ஒல்லி. காதுல எப்பவும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். அதனால பென்சில். காமர்ஸ் ரெண்டாவது வருஷம் முடிச்சிருந்தா. அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக், அம்மா ஒரு துணிக்கடையில வேலை. எங்க நிலையத்த அவ கேட்டு வரல. முதல்ல லைப்ரரி எழுதிக் கொடுத்தாளாம், அடுத்தது ரேடியோ ஸ்டேஷன். ரெண்டும் நிரம்பிடுச்சு, மிச்சம் இருந்தது நாங்கதான். முதல் நாளே இத என்கிட்ட ஒளிக்காம சொன்னா. ஒளிக்கிறது அவளுக்கு வராதுங்கிறது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. மனசுல என்ன ஓடுதோ அது அப்படியே மூஞ்சியில எழுதி ஒட்டின மாதிரி தெரியும். சிஸ்டர் சும்மா ‘ம்’னு சொன்னா வாடிடும். ஒரு நோயாளி கஞ்சி குடிச்சிட்டாருன்னா மலர்ந்திடும்.

முதல் வாரம் உப்புக்குச் சப்பாணிதான். பை தூக்குவா, கதவு திறப்பா. ரெண்டாவது வாரம் ஒரு வீட்ல, மூணு மாசமா தலை அலசாத ஒரு அம்மாவுக்குப் படுக்கையிலயே வெச்சு தலை அலசி விட்டா. வாளி, குவளை, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் அவளே ஏற்பாடு. ஒரு சொட்டுத் தண்ணி மெத்தையில விழல. அந்தம்மா கண்ண மூடிக்கிட்டு அப்படியே கிடந்தாங்க. அன்னைக்கு வேன்ல வரும்போது, அண்ணா, எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குன்னா. பிடிச்சா நர்சிங் படின்னேன். பிடிச்சா போதுமா, வரணுமேன்னா.

அதான் விஷயம். நர்சிங்னா மறுபடி முதல் வருஷத்துல இருந்து ஆரம்பிக்கணும். படிச்ச ரெண்டு வருஷம் தண்ணியில போட்ட மாதிரி. அவங்க அப்பா வேண்டாம்னு சொல்லல. உனக்கு இது வருமான்னு இந்த ஆறு வாரத்துல பாரு, வரும்னு நீ காட்டினா சேத்து விடுறேன், வரலைன்னா பேசாம காமர்ஸ முடின்னு சொல்லியிருந்தாரு. நியாயமான மனுஷன். ஆனா வரும்னு எதை வெச்சுக் காட்டுறது? அவ பிடிச்சுக்கிட்டது அந்த நம்பர.

நம்பர்னா என்னன்னு சொல்லிடுறேன். எங்க ஆளுங்க எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல கேக்குறது, வலி எத்தனைங்கிறதுதான். வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. நோயாளி ஒரு நம்பர் சொல்லுவாரு, அது ஒரு தாள்ல ஏறும். பெரிய சிஸ்டர், அப்போ எங்க வேன்ல வந்துக்கிட்டிருந்தவங்க, புண்ணக் கழுவிக் கட்டுப் போடுற நேரத்துல நம்பரக் கேட்டு எழுதுற வேலைய பென்சில்கிட்ட விட்டுட்டாங்க. இவ அத காலேஜ் புராஜெக்டுக்கும் எடுத்துக்கிட்டா. கட்டம் போட்ட நோட்டுல ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். போற ஒவ்வொரு நாளைக்கும் ஒரு புள்ளி. புள்ளிய சேத்தா கோடு. கோடு இறங்குச்சுன்னா வலி இறங்குதுன்னு அர்த்தம், தன்னால ஏதோ நல்லது நடக்குதுன்னு அர்த்தம். அவ கணக்கு அது.

லிஃப்ட்காரருக்கான பக்கத்துல கோடு ரொம்ப அழகா இறங்குச்சு.

அவரு ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்துல முப்பது வருஷம் லிஃப்ட் ஆபரேட்டரா இருந்தவரு. வயசு அறுபத்தெட்டு. இடுப்பு எலும்புல புற்றுநோய். வாழ்நாள் முழுக்க லிஃப்ட்ல போனவரு, குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்துல மூணாவது மாடி. உங்களுக்காக ஏறி ஏறி என் முட்டி போச்சுண்ணேன்னு நான் கேலி பண்ணுவேன். படியில ஏறுற உடம்பு நல்லா இருக்கும் தம்பி, என்னைப் பாத்தாவது தெரிஞ்சுக்கோங்கம்பாரு. ஜன்னலோரம் கட்டில், காத்தடிச்சு வெச்ச மெத்தை, பக்கத்துல ஒரு ஸ்டூல், அதுல மருந்து. ரெண்டே ரூம். அவரும் அவங்க வீட்டம்மாவும் மட்டும்தான். புள்ளைங்க இல்ல.

செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள் போவோம். முதல் தடவ பென்சில் கேட்டப்ப எட்டுன்னாரு. டாக்டர் மருந்த ஏத்தினாரு. அந்த வெள்ளிக்கிழமையே ஆறு. அது நிஜமான ஆறு, மருந்து வேலை செஞ்சுது. அந்த ஆறக் கேட்டதும் பென்சில் மூஞ்சி போன போக்கப் பாக்கணும். ஏதோ அவளே பிடிச்சு இழுத்து எட்ட ஆறாக்கின மாதிரி. அன்னைக்கு அடுப்படியில கை கழுவிக்கிட்டே வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டா. அப்பா சொன்னது, ரெண்டு வருஷம் போகப் போறது, தனக்கு இது வருமா வராதாங்கிற பயம், தாத்தாவோட கோடு இறங்கறதப் பாத்தா வரும்னு தோணுறது, எல்லாம். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு திரைதான். லிஃப்ட்காரருக்குக் காது நல்லாவே கேக்கும்.

அப்புறம் அஞ்சு. அப்புறம் நாலு. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை மூணு.

அன்னைக்கு சிஸ்டரும் பென்சிலும் பாத்ரூம் பக்கம் சாமான் கழுவிக்கிட்டிருந்தாங்க. நான் அவரத் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சேன். தூக்கும்போது பல்லு நெறநெறன்னு சத்தம் கேட்டுச்சு. என்னண்ணே, மூணுன்னீங்களேன்னேன். அவரு சிரிச்சாரு.

“அஞ்சாறு இருக்கும் தம்பி. சொல்லிடாதீங்க. மூணுன்னு சொன்னா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா? முப்பது வருஷமா கேட்டவங்கள கேட்ட மாடியில இறக்கி விட்டிருக்கேன். இது கீழ போகணும்னு கேக்குது. இறக்கி விட்டாப் போச்சு.”

நானும் சிரிச்சேன். பொல்லாத ஆளுண்ணே நீங்கன்னு சொல்லிட்டு சிலிண்டரத் தூக்கிட்டு இறங்கிட்டேன். எனக்கு என்ன தோணுச்சுன்னா, அது அவ காலேஜ் நோட்டுல ஏறுற நம்பர், ஒரு பொண்ணுக்கு மார்க் வரட்டுமேன்னுதான். அதே நம்பர் இன்னொரு தாள்ல ஏறி டாக்டர் மேசைக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. பதினாலு வருஷமா அந்தத் தாள வேன்ல கொண்டு வந்து இறக்குறவன் நான். அது எதுக்குன்னு ஒரு நாள் கூட கேட்டதில்ல. வண்டி ஓட்டுறவனுக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவரு ரெண்டுன்னாரு. சனிக்கிழமை ஆபீஸ்ல எல்லாத் தாளையும் டாக்டர் பாத்தாரு. லிஃப்ட்காரருக்கு அந்த மருந்தால வயிறு கட்டிக்கிச்சு, பகல் முழுக்கத் தூக்கம். வலி ரெண்டுக்கு வந்துடுச்சு, அப்புறம் எதுக்கு இவ்வளவு மருந்துன்னு பாதியாக் குறைச்சிட்டாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது. தாள்ல இருந்தது ரெண்டு. பென்சில் அன்னைக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தா. நானும் தின்னேன். என்ன விசேஷம்னு கூட கேக்கல.

அஞ்சாவது வாரம் செவ்வாய்க்கிழமை ரெண்டு. வெள்ளிக்கிழமையும் ரெண்டு. வெள்ளிக்கிழமை சிஸ்டரும் பென்சிலும் முன்னாடி இறங்கி வேனுக்குப் போயிட்டாங்க. நான் பையக் கட்டி எடுத்துக்கிட்டு இறங்கறேன், ரெண்டாவது மாடி திருப்பத்துல வீட்டம்மா பின்னாடியே ஓடி வந்தாங்க. கையில ஒரு சின்னத் துண்டு. அதோட ஒரு முனை நூல் நூலாப் பிரிஞ்சு கிடந்துச்சு.

“தம்பி, மருந்தப் பாதியாக்கிட்டாங்களே. இதக் கடிச்சுக்கிட்டே கிடக்குறாரு. நான் சொல்றேன்னா, சொன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்னு மிரட்டுறாரு. அந்தப் பொண்ணு போக இன்னும் ஒரு வாரம்தான், அதுவரைக்கும் பொறுத்துக்குறேங்குறாரு. என்னால பாக்க முடியல தம்பி.”

மருந்தக் குறைச்சாங்களா, நம்பரப் பாத்தா குறைச்சாங்கன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவங்க தலையாட்டினாங்க. மிச்சப் படிய ரெண்டு ரெண்டாத் தாவி இறங்கினேன்.

எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. அது என் மேல வந்த கோவம். ஆனா வாய் அந்தப் பொண்ணு மேல பாஞ்சிடுச்சு. வேன் கதவத் திறந்து வெச்சுக்கிட்டு, உன் கோடு இறங்கணும்னு அந்த மனுஷன் துணியக் கடிச்சுக்கிட்டுக் கிடக்குறாரு, நீ மார்க் வாங்கு, அவரு சாகட்டும்னு கத்திட்டேன். நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு அப்புறம். தெருவுல போனவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நடந்தத முழுசாச் சொன்னேன், எனக்கு முன்னாடியே தெரியுங்கிறதையும் சேத்து.

பெரிய சிஸ்டர் போன எடுத்து டாக்டருக்குப் போட்டாங்க. டாக்டர், நிஜமான நம்பர் என்னன்னு கேட்டு உடனே சொல்லுங்க, முதல்ல பழைய அளவக் கொடுத்துடுங்கன்னாரு. சிஸ்டர் இறங்கப் போனாங்க. பென்சில் அவங்க கையப் பிடிச்சா. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

“நான் கேக்குறேன் சிஸ்டர். எனக்காகத்தான பொய் சொன்னாரு. உங்ககிட்டயும் அதையேதான் சொல்லுவாரு.”

மூணு பேரும் ஏறினோம். போன வேகத்துல திரும்பி வந்தவங்களப் பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சு போச்சு. வீட்டம்மாவ ஒரு முறை முறைச்சாரு, அப்புறம் என்னை. பென்சில் ஸ்டூல்ல இருந்த மருந்த இறக்கி வெச்சிட்டு அதுல உக்காந்தா. தாத்தா, வலி எத்தனைன்னு கேட்டா. ரெண்டுதாம்மான்னாரு. சொல்லும்போதே நெத்தியில வேர்வை கோத்து நின்னுச்சு. இந்த மனுஷன எப்படிப் பேச வைக்கிறதுன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கெஞ்சினா சிரிப்பாரு. அழுதா இன்னும் குறைச்சு ஒண்ணுன்னு சொன்னாலும் சொல்லுவாரு.

பென்சில் கெஞ்சவும் இல்ல, அழவும் இல்ல. கடையில பாக்கிச் சில்லறை கேக்குற மாதிரி சாதாரணமாப் பேசினா.

“நான் நர்சிங் சேரல தாத்தா. நேத்தே அப்பாகிட்ட சொல்லிட்டேன். எனக்கு இது வராது, ஆசையும் போயிடுச்சு. பழைய காலேஜ்லயே முடிச்சிடுறேன். புராஜெக்டும் வேற தலைப்புல எழுதிக் கொடுத்துட்டேன். நீங்க எத்தனை சொன்னாலும் எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல.”

அஞ்சு வாரமா அந்த மூஞ்சியப் பாத்தவன் நான். அன்னைக்கு அதுல ஒண்ணுமே இல்ல. சுத்தமாத் தொடச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. லிஃப்ட்காரரும் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு. ஏம்மா, நல்லாத்தான வந்துக்கிட்டிருந்தன்னு கேட்டாரு. வரல தாத்தான்னா. அவரு கண்ண மூடினாரு. வீட்டம்மா கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

“ஒம்பது”ன்னாரு. “நாலு நாளா ஒம்பது.”

அதுக்கப்புறம் அவரால நிறுத்த முடியல. எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, எந்தப் பக்கம் திரும்பினா உயிரு போகுதுன்னு எல்லாம் கொட்டினாரு. குரலே மாறிப் போச்சு. சிஸ்டர் மருந்து கொடுத்தாங்க. முக்கா மணி நேரம் கழிச்சு அவரு கை, மெத்தை விளிம்பப் பிடிச்சிருந்த பிடி தளர்ந்துச்சு. பென்சில் அந்த ஒம்பதத் தாள்ல எழுதினா. அவ நோட்டுலயும் எழுதினா. கோடு ரெண்டுல இருந்து நேரா மேல ஏறுச்சு.

வேன்ல வரும்போது, நேத்து அப்பாகிட்ட நிஜமாவே சொன்னியான்னு கேட்டேன். இல்லண்ணான்னா. அப்ப பொய்யான்னேன். சொல்லும்போது பொய்தான், சொல்லி முடிச்சதும் நிஜமோன்னு இருக்குன்னா. அதுக்கு மேல தாங்கல, குனிஞ்சு அழுதா. நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல, ஏதோ மென்னு முழுங்கிச் சொன்னேன். சிஸ்டர் முன்னாடி பாத்தபடியே சொன்னாங்க: தாள்ல எழுத வேண்டியது நீ, மனுஷன் மூஞ்சியப் பாக்க வேண்டியது நான், நான் பாக்கல. அன்னையில இருந்து ரிடையர் ஆகுற வரைக்கும் அவங்க நம்பர் கேக்குற வேலைய யார்கிட்டயும் விடல.

ஆறாவது வாரம் பென்சில் எல்லா வீட்டுக்கும் வந்தா, அந்த வீட்டத் தவிர. மேல போனா என் மூஞ்சி காட்டிக் கொடுத்துடும் அண்ணான்னா. ஏன்னா அந்த வாரத்துக்குள்ள அவ முடிவு பண்ணியிருந்தா. அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னாளாம், தன்னால ஒரு மனுஷன் நாலு நாள் துடிச்சத முதல்ல. அவரு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, சரி, ஃபாரம் வாங்கிட்டு வான்னாராம். ஏன் சரின்னீங்கன்னு இவ கேக்கல. அவரும் சொல்லல.

இதுல ஒரு சிக்கல் பாருங்க. அவ நர்சிங் சேரப் போறது லிஃப்ட்காரருக்குத் தெரிஞ்சா அவரு மறுபடி நம்பரக் குறைச்சாலும் குறைப்பாரு. அந்த ஆள நம்ப முடியாது. அதனால தெரியவே கூடாதுன்னு முடிவு பண்ணினோம். இன்டர்ன்ஷிப் முடிஞ்சு அட்டையத் திருப்பிக் கொடுத்ததுக்கு அப்புறமும் பென்சில் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் வந்து என் வேன்ல ஏறிக்குவா. அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி வண்டிய நிறுத்துவேன். சிஸ்டர் மேல போவாங்க. தூக்குற வேலை இருந்தா நானும் போயிட்டு வந்துடுவேன். அவ சீட்ல சரிஞ்சு உக்காந்துக்கிட்டு காத்திருப்பா. சிஸ்டர் இறங்கி வந்து, அஞ்சுன்னு சொல்லுவாங்க, இல்ல நாலுன்னு சொல்லுவாங்க. ஒரு நாள் ஏழுன்னாங்க. நிஜம் சொல்றாருல்ல, அது போதும்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. மருந்த ஏத்தினாங்க, அடுத்த தடவ மூணு.

ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் இன்னொண்ணும் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு வேற என்ன படிக்குதுன்னு கேக்குறாரும்மா. நல்லா இருக்கான்னு கேக்குறாரு. அதுதான் பென்சிலக் கொன்னுடும். தன்னால ஒரு பொண்ணோட படிப்பு போச்சுன்னு நெனச்சுக்கிட்டே அந்த மனுஷன் போயிடுவாரேன்னு சொல்லிச் சொல்லி மருகுவா. போய் உண்மையச் சொல்லிடவான்னு ரெண்டு தடவ கதவத் திறந்தா. ரெண்டு தடவையும் மூடிட்டா. அவளுக்கு அவரு நிம்மதியும் வேணும், அவரு நம்பரும் நிஜமா இருக்கணும். ரெண்டும் சேந்து கிடைக்காதுன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்.

அதுக்கப்புறம் அஞ்சு வாரம் இருந்தாரு. ஒரு புதன்கிழமை காலையில, வீட்டம்மா மூஞ்சி கழுவி விட்டுக்கிட்டிருக்கும்போது போயிட்டாரு. கடைசியா முந்தின நாள் சொன்ன நம்பர் மூணு.

அடுத்த திங்கள்கிழமை நான் தனியாப் போனேன். காத்து மெத்தையும் நாற்காலியும் நிலையத்தோடது, திருப்பி எடுக்கணும். பென்சிலுக்கு அன்னைக்குத்தான் நர்சிங் காலேஜ்ல முதல் நாள். கட்டில் காலியா இருந்துச்சு, ஜன்னல் திறந்திருந்துச்சு. வீட்டம்மா மெத்தையத் தொடச்சு, காத்த இறக்கி, மடிச்சே வெச்சிருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. அந்தப் பொண்ணு நர்சிங் சேந்துடுச்சுக்கா, அவருகிட்ட மறைச்சிட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னேன்.

அவங்க என்னைப் பாத்த பார்வை, ஒரு சின்னப் புள்ளையப் பாக்குற மாதிரி இருந்துச்சு.

“அவருக்குத் தெரியும் தம்பி. கீழ வேன்ல ஒளிஞ்சு உக்காந்திருக்கிறத முதல் நாளே நான் கடைக்குப் போகும்போது பாத்துட்டேன். வந்து சொன்னேன். கொஞ்ச நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. ‘இந்த வேலையே வேண்டாம்னு விட்ட பொண்ணா நம்ம வாசல் வரைக்கும் வந்து காத்துக்கிடக்கும்? சேந்துடும் பாரு’ன்னாரு. ‘தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, அது கஷ்டப்பட்டுப் பொய் சொல்லியிருக்கு’ன்னாரு. அதுக்கப்புறம்தான் சிஸ்டர் நம்பர் கேட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு. கீழ அந்தப் பொண்ணு காதுல விழணும்னு இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி சத்தமாச் சொல்லுவாரு. லிஃப்ட்ல மாடி சொல்ற மாதிரி. சொல்லிட்டு கால் மணி நேரம் மூச்சு வாங்கும். சிஸ்டருக்கு ஏன்னு புரியல, அவருக்குக் காது மந்தமாயிடுச்சு போலன்னு நெனச்சாங்க.”

அப்புறம் கேட்டாங்க. “உங்களுக்குக் கேட்டுச்சில்ல தம்பி? கேட்டுச்சா கேட்டுச்சான்னு கடைசி வரைக்கும் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

நான் ஜன்னல் வழியாக் கீழ பாத்தேன். நான் வழக்கமா வண்டி நிறுத்துற இடம் நேரா தெரிஞ்சுது. அஞ்சு வாரம், பத்துப் பன்னெண்டு தடவ. வெயில் தாங்கலைன்னு கண்ணாடிய முழுசா ஏத்தி விட்டுட்டு, ஏசியப் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தோம், நானும் அவளும்.

“கேட்டுச்சுக்கா”ன்னேன். “ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு.”

அவங்க கண்ணத் தொடச்சுக்கிட்டு, மெத்தைய எடுத்து என் தோள்ல வெச்சாங்க.